குளிரில் வைத்த குற்றம்

மனித நோய் எதிர்ப்பாற்றல் மேம்பாட்டு உயர் ஆய்வு மற்றும் ஒருங்கிணைப்பு நிலையம் என்பது அந்த இடத்தின் பெயர். டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கைத் தாண்டி மந்தாரக்குப்பம் போகிற சாலையில் இருக்கிறது. பெயர்ப் பலகை கட்டடத்தைவிட இரண்டடி நீளம். அதனால் ‘நிலையம்’ என்ற சொல் மட்டும் சுவரைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். மழைக் காலத்தில் ஆடுகள் அதன் கீழே ஒதுங்கும். இந்த ஊருக்கு அந்த நிலையத்தால் இதுவரை கிடைத்த நன்மை அதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு காலத்தில் அங்கே பழுப்பு நிலக்கரியைச் சோதித்தார்கள். எவ்வளவு ஈரம், எவ்வளவு சாம்பல் என்று பார்ப்பார்கள். அந்த வேலை வேறு இடத்துக்குப் போனதும் காலிக் கட்டடம் நிலையத்துக்குக் கிடைத்தது. கொடுத்தவர்கள் பழைய அடுப்பையும், தராசையும், விதிப் புத்தகத்தையும், ஸ்டோர்ஸ் அதிகாரி மதிவாணனையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். நான்கும் இன்றுவரை நல்ல நிலையில் இயங்குகின்றன.

நான் முப்பத்தோரு வருடம் மைன்ஸில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். தூசி, புகை, சேறு எல்லாம் பார்த்தாயிற்று. எதற்கும் குமட்டியதில்லை. இந்தக் கதையைக் கேட்டபோது குமட்டியது. கதையைச் சொன்னவர் என் மீன்காரர் சமியுல்லா.

மந்தாரக்குப்பத்துக் கடைத்தெருவில் சமியுல்லாவுக்கு ஒரு மீன்கடை. விடிவதற்குள் கடலூர் துறைமுகம் போய் மீன் எடுத்து, ஐஸில் அடுக்கி, பஸ் ஏற்றிக் கொண்டுவருவார். அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் குளிர்ச்சி என்றால் என்ன, எவ்வளவு நேரம் தாங்கும், எப்போது கைவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அது எத்தனை மணிக்கு வெயில் பார்த்தது என்று சொல்லிவிடுவார்.

அவருடைய மகள் ஷாஜியாவுக்கு நான்கு வயது. பிறந்தபோது போட்ட காசநோய்த் தடுப்பூசிக்குப் பிறகு இடது அக்குளில் கட்டி வந்தது. ஆறியது, மறுபடி வந்தது, உடைந்தது, சீழ் வடிந்தது. நடுவில் இரண்டு முறை மாதக்கணக்கில் காய்ச்சல். எத்தனையோ டாக்டர்களைப் பார்த்த பிறகு புதுச்சேரியில் ஓர் அம்மா டாக்டர்தான் பிள்ளையை உட்காரவைத்து நிதானமாகக் கேட்டார். “நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?”

“மாமா பொண்ணுங்க” என்றார் சமியுல்லா. பக்கத்தில் அவர் மனைவி மிஸ்ரியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டாக்டர் விளக்கினார். “ஊசி மேல தப்பு இல்ல. கோடிப் பிள்ளைங்களுக்கு அது நல்லதுதான் பண்ணுது. உங்க பொண்ணு ஒடம்புலதான் பொறப்புலயே ஒரு கொறை இருக்கும்னு நெனைக்கிறேன். சொந்தத்துக்குள்ள கட்டினா அது வர்ற வாய்ப்பு அதிகம். கிருமி வந்தா ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பணும். அந்தச் சேதிக்கு சைட்டோகைன்னு பேரு. சேதிய வாங்கிக்கிறது ஏற்பி. அதுல ஏதோ ஒண்ணு இவளுக்கு இல்ல. எது இல்லன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம். நான் சந்தேகப்படறதுதான்னா அதுக்கு ஊசி இருக்கு, நல்லா கேக்கும். வேற ஒண்ணுன்னா அந்த ஊசி கேக்கவே கேக்காது. எனக்கு அந்த டெஸ்ட் ரிசல்ட் வேணும். அடுத்த காய்ச்சல் வர்றதுக்குள்ள.”

அந்தச் சோதனை எங்கே செய்வார்கள் என்று கேட்டதற்கு டாக்டர் சொன்ன இடம் சமியுல்லாவின் கடையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மனிதர் அன்றைக்குச் சந்தோஷப்பட்டார். அது அவருடைய முதல் தவறு.

நிலையத்தில் சரிதா என்ற காண்ட்ராக்ட் டெக்னீஷியன் இருந்தாள். அந்தக் கட்டடத்தில் வேலை தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவளை பெர்மனன்ட் ஆக்கவில்லை. அவள் சொன்னாள். “கருவி இருக்குதுங்க பாய். ஆன்டிபாடி வரணும். அந்த ஏற்பி எங்க இருந்தாலும் தேடிப் போயி ஒட்டிக்கும். மேல ஒளிர்ற சாயம் இருக்கும். ஒட்டுச்சுன்னா ஸ்கிரீன்ல மேடு வரும். ஏற்பி இல்லன்னா மேடு வராது. ஆனா அது ரொம்ப நோஞ்சான் சரக்கு. ரெண்டுலருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும். சூடு பட்டா செத்துடும்.”

“மீன் மாதிரியா?”

“மீனாவது நாறிக் காட்டிக் குடுக்கும். இது செத்தாலும் பாக்கத் தண்ணியாட்டம்தான் இருக்கும்.”

நான்கு மாதம் கழித்து, கத்திரி வெயிலில், பார்சல் வந்தது. ஒரு தெர்மோகோல் பெட்டி. மூடியில் பனித்துகள் படம். அதற்குப் பக்கத்தில் ஒரு சூரியன், சூரியனுக்குக் குறுக்கே ஒரு கோடு. உள்ளே ஐஸ் பைகளுக்கு நடுவில் சுண்டுவிரல் அளவு இரண்டு புட்டிகள். பெட்டியை வாசலில் செக்யூரிட்டி நிறுத்திவைத்தார். உள்ளே போகும் எந்தப் பொருளுக்கும் மெட்டீரியல் பாஸ் வேண்டும். பாஸில் நீளம், அகலம், எடை, எந்த லாரியில் வந்தது என்பதெல்லாம் எழுத வேண்டும். பெட்டி லாரியில் வரவில்லை. கூரியர் பையன் ஸ்கூட்டரில் கொண்டுவந்தான். லாரி எண் இல்லாமல் பாஸ் போட வழியில்லை என்பதால் பெட்டி வாசல் கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு நாள் உட்கார்ந்தது.

சரிதா போன் செய்ததும் சமியுல்லா கடையை மிஸ்ரியாவிடம் விட்டுவிட்டு, பெட்டிக்குப் போட எட்டுக் கிலோ ஐஸுடன் ஓடிவந்தார். ஐஸையும் எடை போட்டு ‘திருப்பி எடுத்துச் செல்லும் பொருள்’ என்று பதிந்து உள்ளே விட்டார்கள். சாயங்காலம் அவர் கிளம்பும்போது மறுபடி எடை போட்டார்கள். மூன்று கிலோ.

“மீதி அஞ்சு கிலோ எங்க?” என்றார் செக்யூரிட்டி.

“உருகிடுச்சுங்க.”

“உருகுச்சுன்னு யாரு சொன்னது?”

“தோ, தரையில தண்ணியா ஓடிக்கினு இருக்குது பாருங்க.”

“அது தண்ணி. நீ எழுதிக் குடுத்தது ஐஸு. உள்ள வந்தது வெளிய போவலன்னா அதுக்குப் பேரு வேற.”

மறுநாள் சமியுல்லா புத்திசாலியானார். வரும்போது பதினாறு கிலோ ஐஸ், போகும்போது எடையைச் சரிக்கட்ட உள்ளே கிடந்த ஐந்து செங்கல். செங்கல்லை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எடை சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் செக்யூரிட்டிக்கு ஞானம் பிறந்து, கூரியர் ஸ்கூட்டரின் எண்ணை லாரி எண் என்று எழுதினார். பெட்டி ஸ்டோர்ஸுக்குப் போனது. சமியுல்லா பின்னாலேயே போனார். பெட்டிக்குள் ஐஸ் இன்னும் இருந்தது. மதிவாணன் புட்டிகளை வெளியே எடுத்து மேஜைமேல் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது என்ன?”

“ஆன்டிபாடி சார்” என்றாள் சரிதா. “உடனே ஃபிரிட்ஜில வெக்கணும்.”

“வெக்கலாம். இன்ஸ்பெக்ஷன் முடியட்டும். நம்ம புத்தகத்துல இருக்கற டெஸ்ட் மூணு. ஈரம், சாம்பல், சலிப்பு. இந்தக் கட்டடத்துக்குள்ள வந்த எதுவும் அதுலருந்து தப்பிச்சது கிடையாது. போன வருஷம் நாற்காலி வந்துச்சு. அதுலயும் ஒரு கால வெட்டிச் சாம்பல் எடுத்துப் பாத்துட்டுத்தான் விட்டேன்.”

நான் சமியுல்லாவிடம் இந்த இடத்தில் கதையை நிறுத்தச் சொன்னேன். விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். அல்லா மேல சத்தியமுங்க என்றார். பிறகு நானே ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்தேன். மதிவாணன் எதிரில் இருக்கும் நாற்காலிக்கு மூன்று கால். நான்காவது பக்கம் பழைய ஃபைல்களை அண்டக்கொடுத்திருக்கிறார்கள்.

“சார், அடுப்புல வெச்சா செத்துடும் சார்” என்று சரிதா கெஞ்சினாள்.

“நல்ல சரக்குன்னா நூத்தஞ்சு டிகிரி தாங்கும். நம்ம கரி தாங்குதே!”

“ஐயா” என்றார் சமியுல்லா. “நான் மீன் விக்கிறவன். வஞ்சிரத்த அடுப்புல வெச்சிப் பாத்துட்டு, பச்சை மீனுன்னு விக்க முடியுங்களா?”

மதிவாணன் அவரை முதன்முறையாகப் பார்த்தார். “நீங்க இந்த ஐட்டத்துக்கு சப்ளையரா?”

“இல்லீங்க. எம் பொண்ணுக்குத்தான் டெஸ்ட்டு.”

“அப்ப நீங்க பயனாளி. பயனாளி ஸ்டோர்ஸுக்குள்ள நிக்கக் கூடாது.”

ஒரு புட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தார்கள். ஈரம் தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று வந்தது. இவ்வளவு ஈரமான கரியை மதிவாணன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. எடை குறைந்துபோனால் ஆடிட்டில் கேள்வி வரும் என்பதால், கிண்ணத்தில் ஒட்டியிருந்த பொருக்கைச் சுரண்டிப் புட்டியில் போட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, எடையைச் சரியாக்கி, ‘தேறியது’ என்று முத்திரை குத்தினார். இரண்டாவது புட்டியை விதிப்படி மாதிரிச் சரக்காகத் துணிப் பையில் போட்டு அரக்கு வைத்து, மேற்குச் சுவரோரம் இருந்த இரும்பு பீரோவில் பூட்டாமல் வைத்தார். பூட்டு வேண்டும் என்று இன்டென்ட் போட்டு இரண்டு வருடம் ஆகிறதாம். தொண்ணூறு நாள் அது அங்கே இருக்க வேண்டும். பீரோவின் கதவு பகல் பன்னிரண்டு மணிக்கே கையைச் சுடும்.

காலிப் பெட்டி குப்பைக்குப் போக இருந்தது. நல்ல தெர்மோகோல் பெட்டியை மீன்காரன் விடமாட்டான். ஸ்டோர்ஸைக் கூட்டுகிற செங்கமலம் என்ற அம்மாளிடம் கேட்டு சமியுல்லா அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்து அறிமுக விழா. நிலையத்தில் ஆறு வருடத்தில் வந்த முதல் ஆன்டிபாடி என்பதால் அதை மேடையேற்றாமல் பயன்படுத்துவது மரியாதை இல்லை என்று இயக்குநர் டாக்டர் செங்குட்டுவன் தீர்மானித்தார். பந்தல், குத்துவிளக்கு, நாதஸ்வரம். தேறிய புட்டியை வெள்ளித் தட்டில் பட்டு விரித்து வைத்து, நான்கு ஃபோகஸ் விளக்குகளுக்கு நடுவில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை வைத்தார்கள். ஏற்கெனவே செத்ததை மறுபடி கொன்றார்கள் என்பதைத் தவிர அதில் புதிதாக ஒன்றும் இல்லை. சமியுல்லாவையும் ஷாஜியாவையும் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பிள்ளையின் கையில் ‘பயனாளி-1’ என்று ஓர் அட்டை.

இயக்குநர் பேசினார். அவருடைய பேச்சை நிலையமே புத்தகமாக அச்சிட்டிருக்கிறது. அதிலிருந்து அப்படியே தருகிறேன்.

“இந்த நிலையம் தொடங்கி ஆறு வருஷம் ஆகுது. இந்த ஆறு வருஷத்துல நாம ஒரே ஒரு தப்பான ரிசல்ட் கூடக் குடுத்தது கிடையாது. எப்படி முடிஞ்சுது? ரிசல்ட்டே குடுத்தது கிடையாது. அவசரப்படாத நிலையம்னு மேலிடத்துல நமக்குப் பேரு. இன்னைக்கு இந்தப் புட்டி வந்திருக்குன்னா அதுக்குப் பின்னாடி பதினாலு கையெழுத்து இருக்கு. பதினாலுல பன்னெண்டு என்னுது. கை வலி இன்னும் இருக்கு. அதையெல்லாம் நான் சொல்லிக்கிறது இல்ல. நோயாளிங்க வருவாங்க, போவாங்க. அதைத் தடுக்க முடியாது. நிலையம் நிக்கணும். இந்த ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமான ஆளுங்களோட ரத்தமும் ஒப்பிட்டுப் பாக்கத் தேவைன்னு சரிதா சொன்னாங்க. இந்த வளாகத்துலயே ஆரோக்கியமானவன் யாருன்னு யோசிச்சேன். முன்னுதாரணமா நானே கையை நீட்டறேன்.”

கைத்தட்டல். மேடையிலேயே சட்டையை மடித்து ரத்தம் கொடுத்தார். அதைப் பார்த்ததும் மதிவாணனும் இன்னும் மூன்று அதிகாரிகளும் வரிசையில் நின்றார்கள். ஷாஜியாவுக்கும் மேடையில்தான் எடுத்தார்கள். அவள் அழுதது நாதஸ்வரத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சரிதா செல்களை வளர்த்து, ஆன்டிபாடி சேர்த்து, நான்காம் நாள் கருவியில் ஓட்டினாள். ஷாஜியாவின் படத்தில் மேடு இல்லை. தரை மட்டம். அடுத்து இயக்குநர். தரை மட்டம். மதிவாணன், மற்ற மூன்று பேர், எல்லாம் வழித்துவிட்ட களம் மாதிரி ஒரே மட்டம். அவள் இயக்குநரின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

“சார், ஆன்டிபாடி செத்துப்போச்சு. அதனாலதான் ஒருத்தருக்கும் வரல.”

“செத்ததுக்குச் சான்றிதழ் இருக்கா?”

“இல்ல சார்.”

“தேறியதுக்கு இருக்கு. மதிவாணன் கையெழுத்து, என் மேலொப்பம். நீங்க காண்ட்ராக்ட்டுமா. காண்ட்ராக்ட்ல இருக்கறவங்க ரிசல்ட் எடுக்கலாம். அதைப் பத்தி அபிப்பிராயம் வெச்சிக்கக் கூடாது.”

இதை ஆராய ஒரு குழு கூடியது. மூன்று அமர்வு, மூன்று முறை முந்திரி பக்கோடா. கடைசியில் அறிக்கை வந்தது. சரிதா அதை சமியுல்லாவுக்குப் படித்துக் காட்டினாள்.

‘இந்நிலையத்தின் இயக்குநர் உள்ளிட்ட ஐந்து ஆரோக்கியமான நபர்களுக்கும் மேற்படி ஏற்பி காணப்படாமையால், அஃது இல்லாதிருத்தலே மனிதரின் இயல்பு நிலை எனக் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. குழந்தை ஷாஜியாவுக்கும் மேற்படி ஏற்பி இல்லை. ஆகவே குழந்தை நலமாக உள்ளது. கோப்பு முடிக்கப்படுகிறது.’

அன்றைக்கு அந்த நலமான குழந்தைக்கு நூற்றுநான்கு டிகிரி காய்ச்சல். அக்குள் கட்டி மறுபடி பழுத்திருந்தது. சமியுல்லாவும் மிஸ்ரியாவும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக இயக்குநரின் அறைக்குப் போனார்கள். அறை நன்றாகக் குளிரூட்டப்பட்டிருந்தது. பதினெட்டு டிகிரி. அந்தக் கட்டடத்தில் குளிர்ச்சி தேவைப்பட்ட எதற்கும் கிடைக்காத குளிர்ச்சி.

“ஐயா, இந்தப் பேப்பர எடுத்துக்கினு போனா புதுச்சேரி டாக்டரு ஊசி போட மாட்டாங்க. கொழந்த நலமா இருக்குதுன்னு எழுதியிருக்குது. புள்ளயத் தொட்டுப் பாருங்க” என்றார் சமியுல்லா.

இயக்குநர் தொடவில்லை. “இதப் பாருங்க பாய். உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க பொண்ணுக்கு நோய்னு நான் எழுதினா, எனக்கும் அதே ரிசல்ட்டுதான், எனக்கும் நோய்னு ஆயிடும். நான் இந்த வருஷ மெடிக்கல்ல ஃபிட். பதவி நீட்டிப்பு ஃபைல் மேல போயிருக்கு. யோசிச்சுப் பாருங்க, ஒரு நிலையத்தோட இயக்குநருக்கே நோய் எதிர்ப்பு இல்லன்னா ஜனங்க என்ன நெனைப்பாங்க?”

“அப்ப உங்க பதவிக்காக எம் பொண்ணு நல்லாருக்கணுமா?” என்றாள் மிஸ்ரியா. அவள் அந்நிய ஆண் ஒருவரிடம் குரல் உயர்த்திப் பேசியது அதுவே முதல் தடவை.

“நல்லா இருக்கறதுல உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?”

அந்த நேரம் ஷாஜியா துவண்டு சரிந்தாள். பிடித்த பிடியில் கட்டி உடைந்து, சீழ் இயக்குநரின் கண்ணாடி மேஜைமேல் சொட்டியது. ஃபைலில் ஒரு துளி. செங்குட்டுவன் நாற்காலியோடு பின்னால் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு மணியை அடித்தார். ஒரு முறை அல்ல, கை எடுக்காமல். குழந்தைக்கு டாக்டரைக் கூப்பிடுகிறார் என்று சமியுல்லா ஒரு கணம் நம்பினார். அந்தக் கணத்தை நினைத்துத்தான் தனக்கு இன்னும் வயிறு எரிகிறது என்றார் என்னிடம்.

மேஜையைத் துடைக்கச் செங்கமலம் வந்தாள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். முதலில் பிள்ளையைத் துடைத்தாள். அப்புறம்தான் மேஜை. ஃபைலைத் துடைக்கவில்லை. வெளியே வராந்தாவில் அவர்களைத் தனியாக நிறுத்தினாள்.

“அழுவாதம்மா. பாய், அந்த மருந்து ரெண்டு புட்டி இருந்துது இல்ல? ஒண்ணுதான அடுப்புல வெச்சானுங்க. இன்னொண்ணு கேன்டீன் பிரிட்ஜுல இருக்குது.”

சமியுல்லாவுக்குப் புரியவில்லை. “அத பீரோவுல வெச்சி அரக்கு அடிச்சாங்களே யக்கா?”

“அடிச்சானுங்க. அவுங்க அந்தாண்ட போனதும் நான்தான் எடுத்துக்கினு போயி தயிர் டப்பாவுக்குப் பின்னால வெச்சேன். மொத நாளே. அரக்கு கூடப் பிரிக்கல. பொட்டி மேல படம் போட்டிருந்துது, நீயும்தான் பாத்த. பனியில வையி, வெயிலு ஆவாதுன்னு. எனக்குப் படிக்கத் தெரியாது பாய். படம் தெரியும். இத்தினி படிச்சவங்க இருக்காங்க, யாராச்சும் வந்து எடுத்துப்பாங்கன்னு பாத்தேன். ஒருத்தனும் வரல.”

சரிதா அன்றே ஷாஜியாவிடம் மறுபடி ரத்தம் எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் கையிலும் எடுத்தாள். தயிர் டப்பாவுக்குப் பின்னால் இருந்த புட்டியிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைப் பையோடு அங்கேயே வைத்தாள். நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கேன்டீனில் இருக்கும்போது, கருவியை ஓட்டினாள். அவளுடைய படத்தில் மேடு வந்தது. ஏரிக் கரை மாதிரி நன்றாக எழுந்து நின்றது. ஷாஜியாவின் படத்தில் மேடு இல்லை. இந்த முறை அது பொய் இல்லை. இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து, நான்காக மடித்து சமியுல்லாவின் சட்டைப் பையில் வைத்தாள். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை.

புதுச்சேரி டாக்டர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சமியுல்லா முந்திக்கொண்டு சொன்னார். “கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்கம்மா.”

“இந்த மேடு யாரோடது?”

“டெஸ்ட் எடுத்த பொண்ணோடதுங்க. சரிதான்னு பேரு.”

“அந்தப் பொண்ணு கையெழுத்துதான் இது” என்றார் டாக்டர், மேட்டைத் தொட்டுக் காட்டி. அந்த நிலையத்தின் பழைய அறிக்கையையும் படித்தார். படித்துவிட்டுக் கை கழுவப் போனார். உறுதிப்படுத்த மரபணுச் சோதனைக்கு வேறு ஊருக்கு ரத்தம் அனுப்பிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் அன்றே ஊசியைத் தொடங்கினார். வாரத்துக்கு மூன்று. ஊசி மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும், வெயில் படக் கூடாது, எப்படி ஊருக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டார். சமியுல்லா காலடியில் வைத்திருந்த தெர்மோகோல் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். ஐஸ் போட்டுத் தயாராகவே கொண்டுபோயிருந்தார்.

மூன்று வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. இரண்டு மாதத்தில் அக்குள் வற்றியது. இப்போது ஷாஜியா கடையில் கல்லாப் பலகையில் உட்கார்ந்து, என்னிடம், “சங்கரா இருக்குது, வாங்கிக்கினு போங்க தாத்தா” என்கிறாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். நிலையம் விடவில்லை. தொண்ணூறு நாள் முடிந்ததும் மதிவாணன் மாதிரிச் சரக்கை அழிப்பதற்காக பீரோவைத் திறந்தார். துணிப் பை இல்லை. விசாரித்தார்கள். தயிர் டப்பாவுக்குப் பின்னால் பை கிடைத்தது. முதல் வேலையாகச் செங்கமலத்தை நிறுத்தினார்கள். காண்ட்ராக்ட் ஆளை நிறுத்தக் காரணம் தேவையில்லை. ஆனாலும் நிலையம் முறைப்படி நடக்கும் நிலையம் என்பதால், நிறுத்திய பிறகு காரணம் கேட்டு மெமோ அனுப்பினார்கள். சரிதா தானாகவே விலகிப் புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். செங்குட்டுவனுக்குப் பதவி நீட்டிப்பு கிடைத்தது. ‘இயல்பு நிலை’ பற்றிய அவருடைய கட்டுரைக்கு ஒரு கேடயமும் வந்தது. பெயர்ப் பலகைக்குக் கீழே அதைப் படம் பிடித்து மாட்டியிருக்கிறார்கள்.

செங்கமலம் இப்போது சமியுல்லா கடையில் மீன் கழுவுகிறாள். மெமோவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அதில் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, உணவு அல்லாத பொருளை உணவுப் பெட்டியில் வைத்தது. இரண்டு, உரிய அதிகாரியின் அனுமதி இன்றி மேற்படி பொருளைக் குளிர்ந்த நிலையில் பராமரித்தது.

“என்னான்னு எழுதட்டும்?” என்று கேட்டேன்.

“மூடியில படம் போட்டிருந்துது, வெச்சேன்னு எழுதுங்க சார்.”

அப்படியே எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. படம் இருந்ததாகக் கூறப்படும் மூடியை அசலாக, ஸ்டோர்ஸ் ஆய்வுக்காக, ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் படம் இல்லை எனக் கருதப்படும்.

நான் கடைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். செங்கமலம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “நாறுது சார்” என்றாள். அவளைச் சுற்றி அரை மூட்டை மீன் குடல் கிடந்தது. அவள் சொன்னது அதை அல்ல. சமியுல்லா உள்ளே திரும்பிப் பார்த்தார். பெட்டி உயரமான பலகையில், ஈரச் சாக்குக்கு நடுவில் இருந்தது. அன்றைக்குப் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த மூன்று ஊசிகள் அதற்குள் இருந்தன.

“நான் சொல்றத எழுதுங்க” என்றாள் மிஸ்ரியா. நான் அந்தப் பதில் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதினேன்.

‘ஐயா, மூடி எங்களிடம் இருக்கிறது. தர முடியாது. அது எங்கள் பிள்ளையின் மருந்தை மூடிக்கொண்டிருக்கிறது. உங்களிடம் கொடுத்தால் அடுப்பில் வைப்பீர்கள்.’